வானத்து லாரி

பொம்மைப் பெட்டி மேலே இருந்த படத்தைப் பார்த்ததும் எங்க வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தை, "ஏ புள்ள, இது டிரெய்லர் லாரி" என்பதுதான்.

அது விண்கலம். கிரகத்துக்குக் கிரகம் சரக்கு ஏற்றிப்போகிறது என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். முன்னால் கேபின், பின்னால் இன்ஜின், நடுவில் நான்கு சரக்குப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியையும் தனியாகக் கழற்றலாம், மாட்டலாம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பொம்மைக் கடையில் வாங்கினேன். சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கட்டையாக இருக்கணும், இடது கையால்தான் அழுத்தி மாட்டணும் என்று அரியலூரில் தெரபி கொடுக்கிற பொண்ணு சொல்லியிருந்தது.

அவருக்கு ஸ்ட்ரோக் வந்து அப்போது ஒரு மாசம்கூட ஆகவில்லை. கால் திரும்பிவிட்டது, வாய் கோணலும் சரியாகிவிட்டது. இடது கை மட்டும் அப்படியே தொங்கியது. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஓட்டுகிற டிரைவர் அவர். பார்க்க வந்தவங்க எல்லாம், "சோத்துக்கை நல்லாருக்குல்ல, விடு" என்றார்கள். கியர் போடுகிற கை எதுன்னு யாரும் யோசிக்கவில்லை.

"முதல் கொஞ்ச மாசம்தாங்க முக்கியம். இப்ப எவ்வளவு வேல குடுக்கறீங்களோ அவ்வளவுதான் திரும்பும்" என்று அந்தப் பொண்ணு சொன்னது எனக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. சிலிண்டரை மூடினோமா என்று மூன்று தடவை திரும்பிப்போய்ப் பார்க்கிற ஆள் நான். ஒரு நாள் போனால் ஒரு விரல் போன மாதிரி இருந்தது.

கட்டுகிற முறையைச் சொல்லும் புத்தகத்தில் எழுத்தே கிடையாது, படம்தான். ஏழாவதோடு நின்ற எனக்கு அது நிம்மதி. எந்தக் கட்டை என்று பார்த்து நான் எடுத்து வைப்பேன். அவர் இடது கையால் தள்ளித் தள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டுவார். கட்டை பாதிதான் இறங்கும். இறங்கிவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

முதல் பெட்டி முடிந்ததும் அவருக்குக் குஷி. "லோடு இல்லாம என்னா வண்டி?" என்று வாசலில் கிடந்த ஜல்லியில் இரண்டைப் பொறுக்கி உள்ளே போட்டுத் தூக்கினார். நடுவில் பிளந்து அத்தனையும் தரையில் சிதறியது. இரண்டு நாள் அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இரண்டு நாள்!

அதனால்தான், அவர் மறுபடி உட்கார்ந்ததும், அதைச் செய்தேன். அவர் குளிக்கப் போகும்போதெல்லாம், அன்றைக்கு மாட்டியதை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தி 'டக்' என்று இறக்கி வைத்துவிடுவேன். கல் போட்டார், நின்றது. அப்புறம் தினமும் உட்கார்ந்தார். இரண்டு மூன்று மாசத்தில் நான்கு பெட்டியும் சேர்ந்து முழு விண்கலமும் ஆனது. அரியலூருக்கு எடுத்துப்போனோம். தெரபிப் பொண்ணு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சூப்பருங்க! இவ்வளவு பிடி வந்துடுச்சா?" என்று விரலுக்கான பயிற்சியைக் குறைத்து, தோளுக்கு மாற்றிவிட்டது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். இவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாச்சு.

இவரோடு லாரி ஓட்டுகிறவர், ஆண்டிமடத்துக்காரர், பார்க்க வந்தார். "மாப்ள, இதுக்கு ஹெவி லைசென்ஸ் போதுமா, இல்ல மேல போயி தனியா எடுக்கணுமா?"

"நீ மொதல்ல கீழ ஒழுங்கா ரிவர்ஸ் எடு" என்றார் இவர்.

"தங்கச்சி, இவனுக்குக் கொழுப்பு திரும்பிடுச்சு. கையும் திரும்பியிருக்கும். ஞாயித்துக்கிழம வண்டி சும்மாதான் நிக்கும். வந்து ஏறச் சொல்லு."

வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

லாரிகள் நிற்கிற காலி இடத்துக்கு நானும் போனேன். ரொம்ப நாள் கழித்து ஏறுகிறாரே என்று முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார். கிளட்ச்சை மிதித்தார். இடது கையை எடுத்து கியர் மேல் வைத்தார். விரல் சுற்றிக்கொள்ளவே இல்லை. தள்ளினார், வழுக்கியது. மறுபடி வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆண்டிமடத்துக்காரர் அந்தக் கைமேல் தன் கையை வைத்துத் தள்ளப் போனார்.

"எடு கைய" என்றார் இவர்.

அப்புறம் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். எலுமிச்சம்பழம் நசுங்காமல் அப்படியே இருந்தது. அதை அங்கே விட்டுவர மனசில்லாமல் மடியில் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராக விண்கலத்துக்கிட்டேதான் போனார். வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கையால் கடைசிப் பெட்டியைக் கழற்றப் பார்த்தார். அசையவில்லை. அதற்கு முந்தினதைப் பிடித்து இழுத்தார். அதுவும் வரவில்லை.

"மாட்டுனவனுக்குக் கழட்டத் தெரியாதா?" என்றார். அப்புறம் என் கையைப் பார்த்தார். என் கட்டைவிரல் நுனி காய்த்துப் போயிருந்தது.

"எத்தினி நாளா?"

"அந்த ஜல்லி போட்டு ஒடஞ்சதுலேர்ந்துங்க."

அடித்திருந்தால்கூடத் தேவலாம். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் தெரபிப் பொண்ணிடம் எல்லாம் சொன்னேன். அது திட்டவில்லை. "மொதல்லேர்ந்து ஆரம்பிப்போங்க" என்றது. முதல் கொஞ்ச மாசம் போய்விட்டதே என்று நான் கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டது.

முழு விண்கலத்தையும் நான்தான் நகத்தால் பிரித்தெடுத்தேன். இப்போது மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார். இத்தனை நாளில் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஒரு கட்டை வைப்பார், அடுத்ததை வைக்கும்போது முதல் கட்டை கழன்று விழும். குனிந்து அவரேதான் எடுக்கிறார். அந்த நேரமெல்லாம் நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி இறுக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.