ரெண்டு வருஷம் இங்கே, ரெண்டு வருஷம் அங்கே

டெக்சாஸில் கம்யூனிட்டி காலேஜ் ஆலோசகராகக் குப்பை கொட்டுகிற தமிழனை, நம்மவர்கள் ஆபீஸுக்குத் தேடி வருவார்கள். கோவிலில் கண்டால் தூணுக்குப் பின்னால் போய்விடுவார்கள். பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பத் தவிக்கும் சக பெற்றோரே, என் தொழில் இதுதான்: செலவு குறைந்த எங்கள் அரசுக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ள வழி சொல்வது. "பட்டத்துல யுனிவர்சிட்டி பேர்தான் இருக்கும். தனியார் காலேஜுக்கு ஏன் சொத்த அழிக்கணும்?" என்று பதினோரு வருஷமாக ஒரே பல்லவி.

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கார்

பக்கத்து ஊரான ஆலனிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். வாசலில் இடம் காலியாக இருந்தும் காரைக் கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். மகனுக்காக ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். நானும் இங்கே எந்தப் பாடம் அங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று என் அட்டவணையைக் கொடுத்து உருகி உருகி விளக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில், புளியோதரை வரிசையில் அவரைப் பார்த்துவிட்டேன். சும்மா இருப்பேனா? "சார், பையன் அப்ளை பண்ணிட்டானா?" என்று உரக்கக் கேட்டேன். வரிசை மொத்தமும் திரும்பியது. அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நீங்க வேற யாரோன்னு நெனச்சு பேசறீங்க சார்."

போட்டோ பிரச்சினை

பிளானோவிலிருந்து ஒரு அம்மா. செலவு, பாடம், மாறும் வழி எல்லாம் அவருக்குப் பரம திருப்தி. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் பிள்ளைகள் சேரும் காலேஜைப் போட்டோவோடு போடுகிறார்களாம். "படிக்கிறான்னு மட்டும் சொல்லுங்களேன்" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"வெறும் படிக்கிறான்னு சொன்னா, ஏதோ கேஸ்ல மாட்டிக்கிட்டான்னு நெனப்பாங்க சார்."

ஸ்வெட்ஷர்ட்

இனி என் கதை. போன ஏப்ரலில் என் மகள் யாழினிக்கு அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. பதினோரு வருஷப் பல்லவி பத்து நொடியில் மறந்துபோயிற்று. வீட்டின் மேல் லோன் கேட்டு பேங்குக்கு எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை. அந்தக் கல்லூரியின் பெயர் போட்ட தடித்த ஸ்வெட்ஷர்ட்டை வரவழைத்து, வெயிலில் வேர்க்க விறுவிறுக்க ஆபீஸுக்கே போட்டுக்கொண்டு போனேன்.

பக்கத்து மேஜை மரியா ஏற இறங்கப் பார்த்தாள். "இதே காலேஜ் வேண்டாம்னு நேத்து ஒரு பையனோட அப்பாவை அழவெச்சு அனுப்பினியே?"

மூன்று மணி அப்பாயின்ட்மென்ட்

மறுநாள் மூன்று மணிக்கு வரவேண்டிய மாணவர் பெயரைத் திரையில் பார்த்தேன். என் மகள் பெயர். நிஜமாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள். கையில் என் அட்டவணை. எங்கள் கல்லூரியில் அவள் எடுக்கப்போகும் பாடங்களுக்கெல்லாம் பென்சிலில் டிக். லோன் விஷயம் எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இங்க என்னம்மா இருக்கு? அந்த காலேஜ் லெவலே வேற" என்றேன். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் வாயால். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவமானத்தில் ஃபைலைப் புரட்டினேன். வீட்டில் எதற்கும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிறவள், நான் தப்பிக்கக் கூடாது என்றோ என்னவோ, தமிழிலேயே கேட்டாள்:

"அப்பா, மத்தவங்ககிட்ட இத்தனை வருஷமா பொய்யா சொன்னீங்க?"

எங்கள் கல்லூரியில் அவள் சேரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். லோன் வேண்டாம் என்று பேங்குக்கும் எழுதிவிட்டேன். அவளை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆகஸ்டில் காலேஜ் முதல் நாள் அவளை அழைத்துப் போனபோது, ஊழியர்களுக்கென்று வாசலிலேயே இடம் இருந்தும், காரைக் கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்தினேன் என்பதை மட்டும் ஆலன்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.