பவானிப்பூரில் அண்ணனின் பூட்ஸ்

மார்கழி பன்னிரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்குச் சென்னை மெயில் ஹவுராவில் வந்து நின்றது. இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் மூன்றாம் வகுப்புப் பலகையில் உட்கார்ந்து ஆயிரம் மைலுக்கு மேல் வந்திருந்தேன். கல்கத்தா அப்போது இந்தியாவின் தலைநகரம். எனக்கு வயது இருபத்திரண்டு. அண்ணன் சிவப்பிரகாசத்தை ஊருக்கு அழைத்துப் போக வந்திருந்தேன்.

அண்ணன் மாயவரத்தை விட்டு வந்து எட்டு வருஷம். சணல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. மாதம் தவறாமல் கடிதம் மட்டும் வரும். அம்மா அவனுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தாள். தை மாதத்துக்கு மேல் காத்திருக்க முடியாது என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். "காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வா" என்று சொல்லி அம்மா என்னை அனுப்பினாள்.

கிளம்புமுன் கடிதம் போட்டிருந்தும் பிளாட்பாரத்தில் அண்ணன் இல்லை. அவனோடு ஒரே வீட்டில் இருந்த தங்கவேலு நின்றிருந்தார். அவரும் மாயவரம்தான், அண்ணனோடு படித்தவர், பாங்கியில் உத்தியோகம். அண்ணனைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்ததே அவர்தான்.

"அவன் ஆபீஸ் வேலையா டாக்கா போயிருக்கான், தம்பி. வர பத்து நாளாகும். நீ காளி கோயிலைப் பார்த்துட்டு ஊருக்குக் கெளம்பு. நான் அவனைப் பின்னாலேயே அனுப்பி வைக்கிறேன்."

"பத்து நாள்தானே, அண்ணே? இருந்து கூட்டிக்கிட்டே போறேன்" என்றேன். அவர் என் பெட்டியைக் கூலிக்காரன் தலையில் ஏற்றினார். கூலி இரண்டணா.

ஹூக்ளி ஆற்றின் மேல் இருந்தது மிதவைப் பாலம். கப்பல்கள் போவதற்காக அன்று நடுவில் திறந்துவிட்டிருந்தார்கள். மாட்டு வண்டிகளும் பல்லக்குகளும் கோட்டு போட்ட பாபுக்களுமாக ஒரு மணி நேரம் கரையில் நெரிந்தோம். அண்ணனுக்குச் சம்பளம் ஏறியதா, உடம்பு தேவலையா என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். பாலம் கூடியதும் நடந்து கடந்தோம். காலடியில் பலகை லேசாக அசைந்தது. அக்கரையில் மின்சார டிராம் ஏறி எஸ்பிளனேடில் வண்டி மாறினோம். மைதானத்தை ஒட்டிப் போகும் அந்த வழியைப்போல ஒன்றைச் சென்னையில் நான் பார்த்ததில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பவானிப்பூர் வீடு. மாடியில் அண்ணன் அறை. ஒரு கட்டில், ஆணியில் ஒரு கோட்டு, கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ்.

"முந்தாநாள் வரைக்கும் இதைத்தான் போட்டுக்கிட்டு ஆபீஸ் போனான். டாக்காவுக்குப் புதுசு ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போயிருக்கான்" என்றார் தங்கவேலு.

ஆசையோடு எடுத்துப் பார்த்தேன். இடது குதிகாலின் வெளி ஓரம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்த நாள் முதல் அண்ணன் இடது காலைச் சாய்த்து வைத்துத்தான் நடப்பான். அவனுடையதேதான்.

சென்னையில் பெரியமேட்டுத் தோல் கிடங்கு ஒன்றில் நான் தரம் பார்ப்பவன். தோலைத் தொட்டு, எவ்வளவு காலம் கிடந்தது என்று சொல்வதுதான் எனக்குப் பிழைப்பு. பூட்ஸின் முன்பக்கத்தைப் பழக்கத்தில் வளைத்தேன். படக்கென்று விரிசல் விட்டது. தினமும் காலில் ஏறும் தோல் வியர்வையிலும் சூட்டிலும் இளகியே இருக்கும்; இது அப்பளம்போல் இருந்தது. கயிற்றை இழுத்தேன்; அறுந்து கையோடு வந்தது. கயிறு கோக்கும் பித்தளை வளையங்களில், கயிறு உரசும் இடத்திலும்கூட, பச்சைக் களிம்பு. திருப்பினேன். குதிகால் ஆணி ஒவ்வொன்றின் துருவும் தோலுக்குள் ஊறி மிளகு அளவுக்குக் கறுத்திருந்தது. எத்தனை ஈரக் காற்றானாலும் ஒரு மழைக்காலத்தில் அப்படி ஊறாது. முனை ஊசிபோல் நீண்டிருந்தது. டிராமில் பார்த்த கால்களிலெல்லாம் முனை உருண்டை. அடித்தோல் பாதிகூடத் தேயவில்லை. பாலிஷ் மட்டும் அன்று காலையில் போட்டது, வாசனை போகவில்லை.

ஐந்து வருஷம். இல்லை, ஆறு வருஷமாக இதற்குள் ஒரு கால் நுழையவில்லை.

"அண்ணே, இதை அவன் முந்தாநாள் போடல."

"போட்டானே தம்பி. நான் பார்த்தேன்."

"ஆறு வருஷமா யாருமே போடல. எங்க அண்ணன் எங்கே?"

தங்கவேலு கட்டிலில் உட்கார்ந்தார். தலை நிமிரவில்லை.

"போயிட்டான், தம்பி. காலரா. காலையில வாந்தி எடுத்தான். வெளக்கு வைக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. நீ சொன்னதுதான். ஆறு வருஷம்."

காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. "போன மாசம் லெட்டர் வந்துதே?" என்று அசடுபோல் கேட்டேன்.

"நான்தான் எழுதினேன். உங்கம்மா கையைப் பிடிச்சு, பத்திரமாப் பார்த்துக்கறேன்னு சொல்லி அவனைக் கூட்டிக்கிட்டு வந்தவன் நான். செத்துட்டான்னு எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். முடியல. காய்ச்சல், கை நடுங்குது, எழுத்து மாறியிருக்கும்னு அவன் எழுதற மாதிரி எழுதிட்டேன். உங்கம்மா பதில் போட்டாங்க. அதுக்குப் பதில் எழுதாம எப்படி இருக்கறது?"

சென்னைக்குப் போ, பெரியமேட்டில் தோல் வியாபாரம் நன்றாக நடக்கிறது, அங்கே வேலைக்குச் சேர் என்று மூன்று வருஷத்துக்கு முன் அண்ணன் எனக்கு எழுதியிருந்தான்.

"அதுவும் நீங்கதானா?"

"நான்தான்."

பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் தடுக்கவில்லை. ஓங்கிய கை அடிக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. கீழே தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனது மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.

நாலரை மணிக்குக் கேவராத்தலா சுடுகாட்டுப் படித்துறைக்கு என்னை அழைத்துப் போனார். ஒரு மைலுக்குச் சற்று அதிகம், நடந்தே போனோம். எந்தச் சிதைமேடு என்று காட்ட முயன்றார். ஆறு வருஷத்தில் அங்கே எத்தனையோ பேர் எரிந்துவிட்டார்கள். சும்மா ஓர் இடத்தைக் காட்டினார். அந்த இடத்தில் நின்றேன், அழுகை வரவில்லை.

"நீங்களே வந்து அம்மாகிட்ட சொல்லுங்க" என்றேன்.

"என்னால ஆகாது, தம்பி."

"ஆறு வருஷம் எழுத முடிஞ்சுதுல்ல?"

மறுநாள் பாங்கியில் லீவு கேட்டு வாங்கினார். பதினான்காம் தேதி ஹவுராவில் இருவரும் ரயிலேறினோம். ஒரிசாவைத் தாண்டி, தெலுங்கு நாட்டுச் சிக்காகோலில் இட்லி வாங்கி என்னிடம் நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

மாயவரத்தில் அம்மா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்திருந்தேன். இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. பெண் வீட்டுக்கு நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அம்மா கடிதங்களையெல்லாம் கொண்டுவந்து தங்கவேலுவின் முன் கொட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல எம்புள்ள எழுதினது எதுன்னு பிரிச்சுக் குடு."

அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். இடப்பக்கம் சின்னதாகவும் வலப்பக்கம் பெரிதாகவும் இரண்டு குவியல். அம்மா இரண்டையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு தனித்தனியாக நூல் சுற்றிக் கட்டி, இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.