சந்திரோதயா சோடாக் கம்பெனியின் ஆயுத பூஜைப் படம்

எங்கள் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஸ்தனிஸ்லாஸை அந்த ரூட்டில் எல்லோரும் சோடாக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் ஒரு நாளும் சோடா விற்றதில்லை. குடித்துக்கூட நான் பார்த்ததில்லை. தருமபுரியிலிருந்து பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி வழியாக அரூர் போகிற தனியார் பஸ் அது. நான் டிரைவர். வண்டி எந்த ஸ்டாண்டில் நின்றாலும் ஜனங்கள் டீக்கடைக்குப் போவார்கள், இவர் பழைய சோடாக் கம்பெனி எங்கே இருந்தது என்று விசாரிக்கப் போய்விடுவார். ஹாரன் அடித்து அடித்து எனக்குக் கை வலித்ததுதான் மிச்சம்.

அவர் தேடியது போட்டோவை. அந்தக் காலத்துச் சோடாக் கம்பெனிகளில் ஆயுத பூஜைக்குப் படம் எடுக்கிற வழக்கம் இருந்தது. மிஷினுக்கு மாலை போட்டு, கோலி பாட்டில்களைப் படி மாதிரி அடுக்கி, முதலாளி நாற்காலியில் உட்கார, வேலையாட்கள் பின்னால் நிற்க, ஸ்டுடியோக்காரரை வரவழைத்து எடுப்பார்கள். படம் மிஷினுக்கு மேலே சுவரில் தொங்கும். மிஷினை விற்றால் படமும் கூடவே போகும். மாலை போட்ட படத்தையும் மிஷினையும் பிரிக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை. அதனால் ஒரு படம் வேண்டுமென்றால், அந்த மிஷின் யார் யார் கைக்கு மாறியது என்று ஊர் ஊராகத் துப்புத் துலக்க வேண்டும். அப்படி அலைந்ததில் இந்தப் பக்கத்துச் சோடாக் கம்பெனிகளின் சரித்திரமே அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. யார் தொடங்கினார்கள், யார் நொடித்தார்கள், எவருடைய பன்னீர் சோடாவுக்குத் தேர்த் திருவிழாவில் அடிதடி நடந்தது என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார். புத்தகம் எழுதப் போகிறாரா என்று நானும் கிண்டல் செய்திருக்கிறேன்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு முகம். அவருடைய அப்பா சவரிமுத்து, அரூரில் சந்திரோதயா சோடாக் கம்பெனியில் பாட்டிலுக்கு கேஸ் ஏற்றுகிற வேலையில் இருந்தார். ஸ்தனிஸ்லாஸ் கைக்குழந்தையாக இருந்தபோது பாட்டில் வெடித்து அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. முகத்தைத் துணியால் மூடித்தான் புதைத்தார்களாம். வீட்டில் கல்யாணப் போட்டோகூட இல்லை. கம்பெனியும் அந்த வருஷமே மூடி, மிஷின் கைமாறிப் போயிற்று.

"கண்ணாடியில என் மூஞ்சியப் பாக்கறனுங்க. இதுல எது அவருதுன்னு தெரியலீங்க" என்று ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு நான் கிண்டலைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த முகத்தைத் தெரிந்தவர் வீட்டிலேயே இருந்தார், அவருடைய அம்மா மிக்கேலம்மாள். ஜாடை கேட்டால் மட்டும் சொல்ல மாட்டார். உங்கப்பா பூஜை, பொட்டு என்று எதற்கும் போகாத மனிதர், கோயிலுண்டு வேலையுண்டு என்று இருந்தவர் என்பதை மட்டும் செபம் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். அவர்கள் கோயில் என்றால் மாதா கோயில். அப்படியானால் ஆயுத பூஜைப் படத்தில் அவர் எப்படி இருப்பார் என்று நான் கேட்டேன். பூஜைக்கு நிற்காவிட்டாலும் படத்துக்கு நின்றிருப்பார் என்றார் ஸ்தனிஸ்லாஸ். பொட்டு இல்லாத நெற்றி ஒன்று இருந்தால் அதுதான் அப்பா என்பது அவர் கணக்கு.

எண்பத்து மூன்றில் சந்திரோதயாவின் மிஷின் கிடைத்தே விட்டது. பாப்பிரெட்டிப்பட்டியில் ராஜப்பன் என்பவர் அதில்தான் சோடா போட்டுக்கொண்டிருந்தார். மேலே படமும் தொங்கியது. மிஷின் படமில்லாமல் இருக்கக் கூடாது, மறுநாளே திரும்பி வந்துவிட வேண்டும் என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றி என் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவந்தோம். வழியில் பிரித்து நானும் பார்த்தேன். மாலை, பாட்டில் அடுக்கு, கோட்டுப் போட்ட முதலாளி. பின்னால் நின்ற ஆட்கள் அத்தனை பேர் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. ஸ்தனிஸ்லாஸ் ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்துக்கொண்டே போனார். வெறும் நெற்றி ஒன்றுகூட இல்லை. அவர் முகம் செத்துப்போயிற்று.

ஆனாலும் அம்மாவிடம் காட்டினார். மிக்கேலம்மாள் கண் மங்கலாக இருக்கிறது, வைத்துவிட்டுப் போ, வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்றார். சாயங்காலம் டிரிப் முடிந்து இருவரும் போனபோது, அந்த அம்மாள் வாசற்படியில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்புப் பற்றவைத்திருக்கவில்லை. சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைத்து மகனிடம் நீட்டினார்.

"இதுல இல்லடா. உங்கப்பன் பொட்டு வெக்கற ஆளு இல்ல. கொண்டு போயிக் குடுத்துரு."

மறுநாளே கொண்டு போய்க் கொடுத்துவிட்டோம். ஸ்தனிஸ்லாஸ் அப்புறம் யாரிடமும் சோடாக் கம்பெனி பற்றிக் கேட்கவில்லை. ஸ்டாண்டில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு ஹாரன் அடிக்க ஆசையாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து மிக்கேலம்மாள் காலமானார். அடுத்த வாரம் துக்கம் விசாரிக்க மாது என்று ஒரு பெரியவர் வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்தார். அரூரில் சவரிமுத்துவோடு ஒரே மிஷினில் வேலை செய்தவர், பிறகு மலைக்கே போய் விவசாயம் பார்த்தவர். சாவுச் செய்தி சந்தையில் காதில் விழுந்ததாம். பேச்சுவாக்கில் ஸ்தனிஸ்லாஸ் படத்தைப் பற்றிச் சொன்னார், அப்பா அதில் இல்லை என்றும் சொன்னார்.

"இல்லாம எங்க போவாரு?" என்றார் மாது. "ஓரமா ஒதுங்கி நின்னாரு. நாந்தான் கையப் புடிச்சி இழுத்தாந்து பக்கத்துல நிறுத்திக்கினேன். பொட்டும் நாந்தான் வெச்சேன். வேணாம்னாரு, ஒரு நாளைக்கி ஒண்ணும் ஆவாதுன்னேன்."

அதே வாரத்தில்தான் பாட்டில் வெடித்தது என்று மாது எங்களிடம் சொன்னார். பொட்டு வைத்ததற்குத் தண்டனை என்று அவர்கள் தெருவில் பேச்சுக் கிளம்பியது. அப்போதிருந்த மாதா கோயில் சாமியார், பூஜையில் கலந்துகொண்டவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றிருக்கிறார். மிக்கேலம்மாள் கைக்குழந்தையின் தலையில் கை வைத்து, என் புருஷன் பொட்டே வைக்கவில்லை என்று சத்தியம் செய்தாராம். அதற்குப் பிறகுதான் குழி தோண்டினார்கள். யாருடைய தலையில் கை வைத்தாரோ அவனே படத்தைக் கொண்டுவந்து நீட்டினால் அவரால் என்ன சொல்ல முடியும்? எனக்கு முதலில் சாமியார் மேல் கோபம் வந்தது, பிறகு அந்த அம்மாள் மேல் வந்தது, அன்று பற்றவைக்காமல் கிடந்த அடுப்பு ஞாபகம் வந்ததும் அதுவும் போய்விட்டது.

மறுநாள் மாதுவையும் ஏற்றிக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டி போனோம். ராஜப்பன் கடை மூடிக் கிடந்தது. பெரிய கம்பெனிகளின் கலர் பாட்டில்கள் வந்ததும் கோலி சோடாவைக் கேட்பாரில்லை. மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். படத்தைக் கேட்டதும் சங்கடப்பட்டார். மிஷின் போன பிறகு படம் எதற்கு என்று, அட்டை கெட்டியாக இருந்ததால் ஒரு சாமி படத்துக்குப் பின்னட்டையாக வெட்டிப் போட்டிருந்தார். அவரே ஆணி பிடுங்கி எடுத்துக் கொடுத்தார். அளவுக்குச் சரியாக வர ஒரு பக்கம் நறுக்கியிருந்தார். நறுக்கிய துண்டு அடுப்புக்குப் போய்விட்டது.

மிச்சம் இருந்ததில் கடைசி ஆள் இளவயசு மாது. அவர் தோளில், வெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கை இருந்தது. விரல்கள் சட்டையை அழுத்திப் பிடித்திருந்தன. மாது அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

ராஜப்பன் படத்தை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். திரும்பும்போது மாது வழியில் இறங்கிக்கொண்டார், அதன் பிறகு வண்டி காலியாக இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னைக்கி நீங்களும் பாத்தீங்களேங்க. அந்த ஓரத்துல நின்னவரு எப்பிடி இருந்தாரு?"

எனக்கு மாலையும் முதலாளியின் கோட்டும்தான் ஞாபகத்தில் இருந்தன. கியரை மாற்றி ரோட்டைப் பார்த்தேன்.

"நானும் கையில வெச்சிப் பாத்தேங்க" என்றார். "நெத்திய மட்டுந்தாங்க பாத்தேன்."

அடுத்த ஸ்டாப்பில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் விசில் ஊதினார், நான் வண்டியை நிறுத்தினேன்.