டிஸ்ட்ரிபியூட்டருக்கு வைத்த பொட்டு

ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு சிசி. நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் வாயும் எழுபத்தோரு மில்லிமீட்டர் அகலம், உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் எண்பத்திரண்டு. பிளக்கின் இடைவெளி முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தீப்பிடிக்கும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. என் திருமணத் தேதியைக் கேட்டால் ஒரு கணம் யோசிப்பேன். இவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் ஈஜோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பெரிய கிராணியாக, அதாவது ஆபீஸின் தலைமை எழுத்தராக இருந்தேன். அப்போதுதான் அந்தக் காரை வாங்கினேன். எனக்கு முன்னால் இருவர் ஓட்டிய, நான்கு கதவுள்ள குடும்பக் கார். மற்றவர்கள் கார் வாங்கினால் பத்துமலைக்கு ஓட்டிப் போவார்கள். நான் அதனுடன் வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இரண்டு முறை படித்தேன். தோட்ட ஆபீஸில் மருத்துவ விடுப்புப் பாரத்திலிருந்து தொழிலாளர் லயத்துக் கூரை ஒழுகல் புகார்வரை எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை உண்டு. அத்தனையும் எனக்குத் தெரியும். காருக்கு மட்டும் தெரியாமல் இருப்பது என் பதவிக்கு அழகில்லை என்று நினைத்தேன்.

படித்தபோது நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்த எஞ்சின்மேல் பக்தியே வந்துவிட்டது.

கணக்கு எளிதுதான். எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோலும் காற்றும் சேர்ந்து வெடிக்கின்றன. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்தால் நொடிக்கு நூறு வெடிப்பு. ஒன்றுகூட அடுத்ததை முந்தக்கூடாது, பிந்தவும் கூடாது. ஈஜோக்கிலிருந்து கோல சிலாங்கூர் போய்ச் சேர அரை மணி. அதற்குள் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வெடிப்புகள். உள்ளே இத்தனை நடக்க, வெளியே மனிதன் கால்மேல் கால் போட்டு வானொலி கேட்டுக்கொண்டு போகிறான். தோட்டத்தில் இருநூறு பேரைக் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்கு வரிசையில் நிற்கவைக்க வேலை மேய்க்கும் மூன்று மண்டோர்கள் தொண்டை கிழியக் கத்த வேண்டும். இங்கே கத்துவதற்கு யாரும் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மூடியும் அதற்குள் சுற்றும் ஒரு சிறு துண்டும் மின்சாரத்தை முறைவைத்துப் பங்கிட்டு அனுப்புகின்றன. அதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். நான் பார்த்ததிலேயே ஒழுங்கான மண்டோர் அதுதான்.

இதையெல்லாம் மனைவியிடம் சொல்வேன். அவள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. பாதி கேட்பாள், பாதி நோட்டுப் புத்தகம் திருத்துவாள்.

அந்த வருடம் அவளுக்கு ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. கோல சிலாங்கூரில், காலை பத்து மணிக்கு. அதற்கு முன் இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் கடிதம் வரவில்லை. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். போனால் இந்த முறை, இல்லாவிட்டால் கடைசிவரை தற்காலிகம்தான். தேர்வு நாள் விஜயதசமியாக அமைந்தது. "பாத்தீங்களா, படிப்பு தொடங்குற நாள்லா" என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள்.

முந்தின நாள் ஆயுத பூஜை. தோட்டத்தில் அன்று கருவி என்று பெயருள்ள எதுவும் தப்பாது. செம்பனைக் குலை வெட்டும் அரிவாள், சைக்கிள், தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் பட்டையும் பொட்டும் உண்டு. ஆபீஸ் டைப்ரைட்டருக்கு நானே வைப்பேன், எழுத்துகளின் மேல் படாமல் ஓரத்தில். அதற்கும் ஒரு முறை உண்டு அல்லவா?

சாயங்காலம் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு காரிடம் வந்தாள். பானட்டின் மேல் வைக்கப் போனவளை நான் நிறுத்தினேன்.

"அது வெறும் தகரம். வேலை செய்யிறது உள்ள இருக்கிறதுதானே?"

"அப்ப தெறந்து காட்டுங்க. எதுக்கு வைக்க?"

திறந்தேன். என் படிப்பைக் காட்ட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கார்புரேட்டர், காற்று வடிகட்டி, ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்திவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தொட்டுக் காட்டினேன். "இதுதான் மூளை. இங்க வை."

அவள் விபூதியைத் தண்ணீரில் குழைத்து மூடியின் மேல் மூன்று பட்டை இழுத்தாள். அதன் நடுவில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். பட்டையின் ஒரு முனை மூடியைப் பிடித்திருக்கும் இரும்புக் கொக்கிவரை போனது. நன்றாக இருந்தது. நான் கைகூப்பினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் எட்டு மணிக்குக் கிளம்பினோம். கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. மழை தூறிக்கொண்டிருந்தது. செம்மண் சாலையில் செம்பனை வரிசைகளுக்கு நடுவே இரண்டு மைல் போயிருப்போம். ஒரு பள்ளத்தில் இறங்கியபோது சக்கரம் தண்ணீரை வாரி மேலே அடித்தது. எஞ்சின் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது.

"என்னங்க?"

"ஒன்னுமில்ல. பத்து நிமிஷம்."

கையேட்டை எடுத்தேன். 'ஓடும்போது நின்றுபோதல்' என்று ஒரு பக்கமே இருந்தது. வரிசை மாறக்கூடாது என்பது என் கொள்கை. முதலில் பெட்ரோல். குழாயைக் கழற்றினேன், வந்தது. கார்புரேட்டரில் அடைப்பு இல்லை. காற்று வடிகட்டி சுத்தம். அடுத்து பிளக். நான்கையும் கழற்றித் துடைத்து இடைவெளி அளந்தேன். ஒன்றை வயரில் மாட்டி எஞ்சின் மேல் வைத்து, அவளைச் சாவி திருப்பச் சொன்னேன். பொறி வரவில்லை. ஆக, கோளாறு மின்சாரத்தில். அடுத்த வரி: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளும் புறமும் துடைக்கவும்.

மூடியைக் கழற்றினேன். சந்தனம் கலையாதபடி, ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக் கழற்றினேன். உள்ளே பளபளவென்று துடைத்தேன். புறத்தில் சாமி இருந்தது. அப்படியே திரும்ப மாட்டினேன்.

பொறி வரவில்லை. பக்கத்தின் கடைசி வரி: மின்சாரத்தை ஏற்றிக்கொடுக்கும் கம்பிச் சுருளான 'காயில்' பழுது, மாற்றவும். காயில் கிடைக்கும் இடம் எதிர்த் திசையில் இருக்கும் ரவாங். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. பெரிய சாலைக்கு நடந்து போனாலும் பஸ் போயிருக்கும், அடுத்தது பத்து மணிக்குத்தான். அவள் பச்சைப் பட்டுப்புடவையில் முன் சீட்டில் உட்கார்ந்து, சான்றிதழ் உறையை மடியில் வைத்து அதன் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போது எண்ணெய் மில்லிலிருந்து காலியாகத் திரும்பும் தோட்டத்து லோரி எதிரே வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்னா கிராணியாரே, இன்னிக்கும் ஆயுத பூஜையா?"

"காயில் போயிருச்சு."

"புஸ்தகம் சொல்லுச்சா?"

"ஆமா."

"புஸ்தகம் சொன்னா சரியாத்தான் இருக்கும் லா" என்றவர் அவளைப் பார்த்துவிட்டார். முகம் மாறியது. "டீச்சரம்மா, இன்னிக்குத்தானே இண்டர்வியூ? என் மவன் சொன்னான்."

அவள் தலையசைத்தாள். மழை வலுத்தது. அவர் லோரியின் பின்னாலிருந்து குலைகளை மூடும் கித்தானை இழுத்துவந்து, திறந்திருந்த பானட்டின் மேல் போர்த்தினார். "நனையாம பாருங்க. நான் சாவியத் திருப்புறேன். வேற வழி இல்லன்னா லோரியிலயே கோல சிலாங்கூர் போயிடுவோம், மேனேஜர் கேட்டா நீங்க சொல்லிக்கிங்க." தோட்டத்து லோரி எல்லையைத் தாண்ட மேனேஜரின் கையெழுத்து வேண்டும். அந்த விதியைத் தட்டச்சு செய்து ஒட்டியவனே நான்தான். சரி என்றேன்.

பிளக்குகளை அவற்றின் இடத்தில் முறுக்கிவிட்டு, காயில் வயரைக் கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்று கித்தானுக்குள் தலையை விட்டேன். அவளும் இறங்கிவந்து, புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நுழைந்தாள். உள்ளே கும்மிருட்டு. எண்ணெய் வாசனையும் சந்தன வாசனையும் கலந்து வந்தன. "திருப்புங்க!" என்று கத்தினேன். எஞ்சின் முனகிச் சுற்றத் தொடங்கியது.

"என்னங்க... என் பட்டையில தீ ஓடுது."

மூடியின் நடு முனையிலிருந்து ஒரு நீல நூல் கிளம்பியது. மயில் கழுத்தின் நீலம். ஈரமான விபூதிப் பட்டையின் மேலேயே நெளிந்து ஓடி, குங்குமத்தில் இரண்டாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து, இரும்புக் கொக்கியில் இறங்கி மறைந்தது. டிக், டிக், டிக் என்று சத்தம். ஒவ்வொரு டிக்கிலும் அந்த மூன்று பட்டையும் யாரோ உள்ளிருந்து வரைவதுபோல் எழுந்து எழுந்து அணைந்தன.

இருபதாயிரம் வோல்ட் என்று நூறு முறை படித்திருக்கிறேன். அதுவரை அது எனக்கு ஓர் எண். இப்போது என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் உயிரோடு நடந்துபோனது. பிளக்குக்குப் போகவேண்டியதெல்லாம், சாம்பல் உப்பும் மழைத் தண்ணீரும் சேர்ந்து போட்டுக்கொடுத்த பாதையில் கொக்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. காரணம் அந்தக் கணமே புரிந்தது. ஆனாலும் கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல் இருவரும் நின்றோம்.

"என்னா, உள்ள படம் ஓடுதா?" என்று டிரைவர் கேட்டார்.

"நிறுத்துங்க! கண்டுபிடிச்சாச்சு."

கண்டுபிடித்தாயிற்று. துடைப்பதுதான் பாக்கி. துணியை எடுத்தேன், கை போகவில்லை. விஜயதசமி அன்று, அவள் வைத்த குங்குமத்தை, புருஷன் கையால் அழிப்பது. எந்தக் கையேட்டிலும் இதற்கு வரி கிடையாது. பொது அறிவும் அறிவியலும் எனக்குத் துணையாக இருந்தன. இரண்டும் சேர்ந்தும் என் கையை நகர்த்தவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். தேர்வுக்காகப் புதிதாக வாங்கிய வெள்ளைக் கைக்குட்டையை இடுப்பிலிருந்து எடுத்தாள். மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதம்மா. பத்து மணிக்குப் போவணும்."

அழுத்தித் துடைத்தாள். கைக்குட்டை சிவந்தது. திருப்பி மடித்து, ஈரம் போகும்வரை மறுபடி துடைத்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த கொஞ்சத்தை விரலால் வழித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

டிரைவர் சாவியைத் திருப்பினார். கார் உறுமியது. அவர் இறங்கிவந்து, "காயில் சரியாயிருச்சா கிராணியாரே?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் கேட்காதது அவருடைய பெருந்தன்மை. ஒரு வாரத்துக்குள் தோட்டம் முழுக்கச் சொன்னது வேறு விஷயம்.

கோல சிலாங்கூர் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து ஐந்து. அவள் ஓடினாள். நான் மழைமரத்தின் கீழே காரை நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கையேட்டைத் திறக்கவில்லை. முக்கால் மணி கழித்து வெளியே வந்தாள்.

"என்னா கேட்டாங்க?"

"ஏன் லேட்டுன்னு கேட்டாங்க. கைக்குட்டை ஏன் செவப்பா இருக்குன்னாங்க. சொன்னேன்."

"மலாய்லயா?"

"பின்ன? கரும்பலகையில மூடிய வரைஞ்சு, மின்சாரம் எந்தப் பக்கம் போவணும், எந்தப் பக்கம் போச்சுன்னு காட்டினேன். நீங்க தெனமும் பொலம்புறதுதானே, தானா வந்துச்சு."

"அவங்க?"

"ஒருத்தர் சிரிச்சார். இன்னொருத்தர் காரும் மழையில நின்னு நின்னு போவுதாம். என்னா செய்யலாம்னு கேட்டார்."

"நீ என்னா சொன்ன?"

"மூடியோட வெளிப்பக்கத்தையும் தொடைக்கச் சொன்னேன்."

பள்ளி விடுமுறையில் கடிதம் வந்தது. அவள் பயிற்சிக்குப் போனாள், தேறினாள், முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றாள். அந்தக் காரை எப்போதோ விற்றுவிட்டோம். அதன் பிறகு எத்தனையோ கார்கள். இன்றும் மழைநாளில் எதுவாவது இருமினால், பானட்டின் மேல் ஒரு போர்வையைப் போட்டு இருட்டுக்குள் தலையை விட்டுப் பார்க்க ஆசை வரும். இந்தக் காலத்து எஞ்சின்களில் பார்க்க ஒன்றும் இருக்காது, எஞ்சினையே மறைத்த பிளாஸ்டிக் பலகைதான்.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு அவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது நான் பானட்டைத் திறக்கவில்லை. எங்கே வைக்கலாம் என்றும் சொல்லவில்லை. அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். பிறகு முன் கதவைத் திறந்து, கையேட்டை எடுத்து, அட்டையின் நடுவில் பொட்டு வைத்தாள்.

"இது நின்னு போனா யாருக்கும் நட்டமில்ல" என்றாள்.