களஞ்சியத்திலிருந்து வந்த பதில்

சுன்னாகத்துக்கு வெங்காயம் வாங்கத்தான் போனேன். சந்தைக்கு அருகே பழைய சாமான் கடை வாசலில், உடைந்த மின்விசிறிகளுக்கு நடுவே கணினிக்குள் செருகும் பச்சை அட்டை ஒன்று கிடந்தது. எடுத்து மணந்து பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நியாயம்தான். இந்த வயதில் ஒரு பெண் பழைய சாமானை மணந்து பார்த்தால் வேறெப்படிப் பார்ப்பது? அதில் இருந்தது வெறும் தூசி. எனக்கு மட்டும் மண்ணெண்ணெய்ப் புகை மணத்தது.

இன்று கணினிகள் கம்பியே இல்லாமல் பேசிக்கொள்கின்றன. அன்று இரண்டு கணினிகளைப் பேச வைக்க, இரண்டின் வயிற்றுக்குள்ளும் இப்படி ஓர் அட்டையைச் செருகி, இடையில் கறுப்புக் கம்பி இழுக்கவேண்டும். அட்டையில் ஊசிபோல் நிற்கும் கம்பிகளின் மேல் அரிசி அளவில் பிளாஸ்டிக் தொப்பிகள் இருக்கும். எந்தத் தொப்பி எங்கே என்பதுதான் அட்டையின் இலக்கம். கணினிக்குள் வேறெதற்காவது அதே இலக்கம் இருந்துவிட்டால் இரண்டும் முட்டிக்கொண்டு எல்லாமே நின்றுவிடும். பிறகு மூடியைக் கழற்று, தொப்பியை மாற்று, மூடு, பார். கலியாணப் பொருத்தம் பார்ப்பதுபோல, பொருந்தும்வரைக்கும்.

எண்பத்து மூன்றில் கொழும்பில் கணினி படித்துக்கொண்டிருந்தவள் நான். கலவரத்தோடு உடுத்த உடுப்பில் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டேன். அந்த அரைகுறைப் படிப்பை நம்பித்தான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அரசின் பொருளாதாரத் தடைக் காலத்தில், ஒரு தொண்டு நிறுவனம் தன் மருந்துக் களஞ்சியத்தில் எனக்கு வேலை தந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பெற்றோலைச் சொட்டாக விட்டுத் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓடவிடும் ஜெனரேட்டர் காலையில் கொஞ்ச நேரம் இரையும். அதற்குள் வேலையை முடிக்கவேண்டும்.

வளவின் பின்னால் களஞ்சியம், முன்னால் மருந்து கொடுக்கும் அறை. அங்கே அருளப்பு அண்ணை இருந்தார். குருநகர்க்காரர். அவருடைய ஒரே மகள் ஜெசிந்தாவுக்குச் சின்ன வயதிலேயே நீரிழிவு. தினமும் இன்சுலின் ஊசி போடவேண்டும். கிடைக்கும் குப்பியை வீட்டில் ஈரமணல் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு எங்கே போவது?

களஞ்சியத்துக் கணினியை அவருடைய மேசைக் கணினியோடு இணைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது அவர்தான் முதலில் கேட்டார்.

"தங்கச்சி, உது வேலை செய்தா மருந்து வந்த உடனை எனக்குத் தெரியுமோ?"

"ஓம் அண்ணை. பின்னுக்குப் பதிஞ்ச கையோடை உங்கடை திரையிலை தெரியும்."

அதன்பிறகு அவர் என்னை விடவில்லை. நான் சேலை ஊசியால் தொப்பிகளைக் கிளப்ப, அவர் கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பி வெளிச்சம் பிடிப்பார். இலக்கம் பொருந்திய நாளில் ஜெனரேட்டர் மூச்சு வாங்கும், திரை கறுத்துவிடும். கடைசியில் ஒரு காலை, களஞ்சியத்தின் பெயர் அவருடைய திரையில் வந்து நின்றது. இன்சுலின் என்று தட்டினார். கொஞ்சம் இருப்பதாகப் பதில் வந்தது. அருளப்பு அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். சைவக்காரியான நானும் கைகூப்பினேன்.

அந்தக் கொஞ்சமும் தீர்ந்தது. மருந்தோடு வரவேண்டிய கப்பல் வரவில்லை. அவர் காலையில் வந்ததும் தட்டுவார். பதிலும் மாறாமல் வரும்: பூச்சியம்.

"உவன் பொய் சொல்லுறான், தங்கச்சி. உந்தக் கார்ட்டை ஒருக்காக் கழட்டிப் பாரும்."

அட்டையில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் கழற்றினேன், துடைத்தேன், திரும்பப் பூட்டினேன். பூச்சியம். அவர் எழுந்து களஞ்சியத்துக்கே நடந்தார். மருந்து அலமாரியின் வெறும் தட்டை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றவரைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

மாரி தொடங்கும்போது ஜெசிந்தா போய்விட்டாள். கடைசிக் கிழமையில் அவள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். குருநகர்ச் சேமக்காலையில் அடக்கம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய காலையில் ஒரு தாய் வந்து இன்சுலின் கேட்டாள். அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

"இல்லையம்மா," என்றார். "அலையாதேங்கோ. ஒரு இடமும் இல்லை."

தொண்ணூற்று ஐந்தில் இராணுவம் நெருங்க, யாழ்ப்பாண நகரத்தோடு வலிகாமமே எழுந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. சாவகச்சேரியில், சனம் நிரம்பிய ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அவரைக் கண்டேன். மனைவி சுவரில் சாய்ந்து நித்திரை.

"எல்லாரும் வீட்டை விட்டிட்டு வந்ததெண்டு அழுகினம், தங்கச்சி. நான் பிள்ளையைச் சேமக்காலையிலை தனிய விட்டிட்டு வந்திட்டன்."

பிறகு அவரும் மனைவியும் மன்னாருக்குப் போய் அங்கிருந்து இந்தியாவுக்குப் படகேறியதாகக் கேள்வி. அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை.

அடுத்த ஆண்டு நான் ஊர் திரும்பியபோது களஞ்சியத்துக்குக் கூரை இல்லை. சுவரில் ஆணியடித்து நான் இழுத்த கம்பியைக்கூட யாரோ உருவியிருந்தார்கள். அது போகட்டும். அவரால் வரமுடியாத இடத்துக்கு நானாவது போகவேண்டும் என்று குருநகருக்குப் போனேன். ஜெசிந்தாவுக்கு வைத்தது மரச் சிலுவை. சேமக்காலையில் சீமெந்துக் கல்லறைகள் மட்டும் நின்றன. மரச் சிலுவைகள் எல்லாம் யார் யார் அடுப்பிலோ விறகாகிப் போயிருந்தன. மற்ற இடமெல்லாம் ஒரே மாதிரிப் புல். கொண்டுபோன மெழுகுதிரியை எந்த இடத்தில் ஏற்றுவதென்று எனக்குத் தெரியவில்லை.