பூசணம் என்று எழுதியிருக்க வேண்டும்

கிள்ளான் துறைமுகத்தில் ஏறி இறங்கும் சரக்குகளின் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. கொள்கலன் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் சரக்கு நகராது. இத்தனை வருடங்களில் என் கையால் எதுவும் நின்றதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் ஃப்ளாட்டில் நான் செய்தது எவ்வளவு பெரிய சறுக்கல் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

எங்களுடையது லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடம். நான் மூன்றாம் மாடி. எனக்கு நேர் கீழே ஒரு தாயும் அவருடைய ஏழு வயது மகளும் இருக்கிறார்கள். தாய் சூப்பர்மார்க்கெட்டில் கேஷியர். மகளுக்கு இளைப்பு. மாதத்தில் இரண்டு தடவையாவது கிளினிக்கில் முகமூடி மாட்டி 'கேஸ்' பிடித்துவிட்டு வருவாள். மூக்கைச் சுற்றி முகமூடியின் தடம் பதிந்திருக்கும். படி ஏறும்போது எதிரில் வருபவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "நான் பைலட்" என்பாள்.

அவள் படுக்கும் அறையின் ஒரு மூலை கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது. தாய் பிளீச் போட்டுத் துடைப்பார். பத்து நாளில் திரும்பி வந்துவிடும். ஃப்ளாட்டின் மானேஜரிடம் சொன்னதற்கு, "துணிய உள்ள காயப் போடுறீங்க, ஜன்னலச் சாத்தி வெக்கிறீங்க, பூசணம் வராம என்ன வரும்?" என்று கேட்டுவிட்டார்.

ரவாங்கில் அந்தத் தாயின் அக்கா இருக்கிறார். புது வீடு, நல்ல வெளிச்சம். பள்ளி ஆண்டு முடிவதற்குள் இந்தச் சுவர் சரியாகவில்லை என்றால் மகளை அங்கேயே விட்டு, அங்குள்ள பள்ளியில் சேர்த்துவிடுவது, ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் போய்ப் பார்ப்பது என்று தாய் முடிவு செய்திருந்தார். வேறு வீடு பார்க்கும் நிலையில் அவர் இல்லை. மகளிடம் சொன்னபோது அவள் அழவில்லையாம். "அப்ப நீ யாரோட தூங்குவ?" என்று மட்டும் கேட்டாளாம். இதை என்னிடம் சொல்லும்போது தாய் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

கிளினிக் மிஸ்ஸிதான் முதலில் இறங்கி வேலை செய்தவர். இங்கே நர்சை நாங்கள் மிஸ்ஸி என்போம். மலாய்க்காரப் பெண், எங்களோடு இருந்து பாதித் தமிழ் பழகியவர். அவர் கேட்டுக்கொண்டதால் கோயில் செயலாளர் மண்டபத்தைத் திறந்துவிட்டார். ஒரு ஞாயிறு காலை மிஸ்ஸி, செயலாளர், மானேஜர், குடியிருப்பவர்களில் ஏழெட்டுப் பேர் கூடினோம்.

"ஒரு வீட்டுக்காக சுவத்த ஒடைக்கச் சொல்ல முடியாது லா," என்றார் மானேஜர். "பல வீட்ல இருக்குன்னு காட்டுங்க. கமிட்டில வெக்கிறேன்."

கமிட்டிக் கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வீடுகளில் பூசணத்தைக் கணக்கெடுக்க மிஸ்ஸியிடம் மலாயில் ஒரு படிவம் இருந்தது. அதைத் தமிழில் போட்டால்தான் பலர் நிரப்புவார்கள் என்றார் செயலாளர். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

கைப்பேசியில்தான் தட்டினேன். 'பூச' என்று அடிப்பதற்குள் மிச்சத்தை அதுவே முடித்துக் கொடுத்தது. மூன்று முறை சரிபார்த்தேன். என்ன எழுதினேன் என்பது எனக்குத்தான் தெரியுமே. மூன்று முறையும் மனதில் இருந்ததைப் படித்தேன், திரையில் இருந்ததைப் படிக்கவில்லை. அச்செடுத்து ஒவ்வொரு கதவின் கீழும் சொருகினேன். முதல் படிவத்தை நானே நிரப்பினேன். இல்லை, இல்லை, பொருந்தாது, பொருந்தாது, கையெழுத்து.

அடுத்த ஞாயிறு திரும்பி வந்த தாள்களைச் செயலாளர் மண்டபத்தில் உரக்கப் படித்தார்.

"உங்கள் வீட்டில் பூசணி உள்ளதா? உள்ளது. எந்த இடத்தில்? ஃப்ரிட்ஜில், கீழ்த்தட்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்ததை எடுத்தார்.

"எவ்வளவு பெரியது? பாதி. மீதி சாம்பாருக்குப் போய்விட்டது. அதில் வாடை வருகிறதா? இன்னும் இல்லை."

"அண்ணே, குடுங்க," என்று கையை நீட்டினேன்.

"இருமா, இது நல்லாருக்கு. எந்த இடத்தில்? வாசலில், திருஷ்டிக்கு. கடைசியாக எப்போது துடைத்தீர்கள்? வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துக் குங்குமம் வைக்கிறோம். குழந்தைகள் அதன் அருகில் தூங்குகிறார்களா?" தாளைக் கண்ணருகே கொண்டு போனார். "வாசலில் யார் தூங்குவார்கள்?"

கீழ்வீட்டுத் தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மிஸ்ஸி என்னவென்று கேட்டார். பூசணி என்றால் மலாயில் லாபு என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"லாபுவா?" என்றார் மிஸ்ஸி. "லாபுவை ஏன் துடைக்கணும்?"

சிரிப்பு அடங்கியதும்தான் நிலைமை தெரிந்தது. வாசலில் பூசணி கட்டக் கூடாது என்று மேனேஜ்மென்ட் சட்டம் போடப் போகிறது, அதற்குத்தான் இந்தக் கணக்கெடுப்பு என்று மாடிக்கு மாடி பேச்சு பரவியிருந்தது. பலர் எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். கையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. மானேஜரிடம் காட்ட ஒரு வரிகூட இல்லை. ஒரு வாரம் போய்விட்டது.

தாய் என்னைக் குறை சொல்லவில்லை. "வீடு வீடாப் போலாம்க்கா," என்றார். "எனக்கு செவ்வாய்க்கெழம லீவு."

செவ்வாய்க்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். மிஸ்ஸியும் மதியத்துக்கு மேல் வந்தார். ஐந்தாம் மாடியிலிருந்து தொடங்கினோம். கதவுக்குக் கதவு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர்கள் சிரிக்க வேண்டும், பிறகு உள்ளே விட வேண்டும், அதுதான் வரிசை. "பூசணி அக்கா வந்துட்டாங்க" என்ற செய்தி எங்களுக்கு முன்னால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூசணம் இருந்தது. மானேஜர் சொன்னது போலவே, துணி காயும் அறைகளில்.

நான்காம் மாடியில், என் வீட்டுக்கு நேர் மேலே, லோரி ஓட்டி ஓய்வுபெற்ற ஓர் அங்கிள். தனி ஆள். கதவை ஒரு கை அகலம் மட்டும் திறந்தார்.

"பூசணியெல்லாம் இங்க இல்ல."

"அங்கிள், அது பூசணம். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"நீயா? நோட்டீஸ் போர்டுல கமா விட்டுப் போச்சுன்னு பேனா எடுத்துப் போட்டவ நீ. நீ தப்பா எழுதுவியா? மேனேஜ்மென்ட் அனுப்பிருக்கு ஒன்ன."

தாய் நிலைப்படிக்கு மேலே பார்த்தார். "அங்கிள், இங்க வெறும் கயிறு தொங்குது."

"துணி காயப் போட."

"வாசல்லயா? ஒங்க துணியெல்லாம் டோபிலதான போடுறீங்க?"

அங்கிள் கயிற்றை ஒரு தடவை பார்த்தார். பிறகு கதவு திறந்தது. உள்ளறையில் கட்டிலின் தலைமாட்டில், அவர் கட்டும் ஒரு கைலிச் சாரத்துக்கு அடியில், குங்குமத்தோடு முழுப் பூசணி ஒன்று ஒளிந்திருந்தது. மிஸ்ஸி குனிந்து அதைத் தூக்கினார். அதற்குப் பின்னால் சுவர் முழங்கால் உயரத்துக்குக் கறுத்திருந்தது.

"இது எப்போலேந்து?" என்று கேட்டார் மிஸ்ஸி.

"எது?" என்றார் அங்கிள். அவரும் அப்போதுதான் பார்த்தார்.

அவர் வீட்டு ஜன்னல்கள் எப்போதும் திறந்தே இருக்கும். வீட்டுக்குள் துணி காய்வதில்லை. சாப்பாடு மூன்று வேளையும் கடையில். அடுப்பில் சுடுதண்ணீர் தவிர எதுவும் வைப்பதில்லை. மானேஜர் சொன்ன காரணம் ஒன்றுகூட அந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை. மிஸ்ஸி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த குளியலறைக்குப் போனார், திரும்பி வந்தார், கறுத்த மூலையைத் தொட்டார்.

"ரெண்டாம் மாடியில பாப்பா ரூம்லயும் இதே மூலை," என்றார். "நடுவுல யார் வீடு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"என் வீட்ல இல்ல," என்றேன். "படிவத்துல எழுதிருக்கேனே."

அந்த மூலையில் என் மர அலமாரி நிற்கிறது. குடிவந்த நாளில் வைத்தது, நகர்த்தியதே இல்லை. முதலில் அதிலிருந்த என் நாட்குறிப்புகளை வருடவாரியாக எடுத்துக் கட்டிலில் அடுக்கினேன். அங்கிளும் இறங்கி வந்து, லோரிக்குப் பின்னால் நிற்பவரைப் போல, "வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பக்கத்தை இழுத்தார். அலமாரி எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்குச் சுவர் கறுத்துக் கிடந்தது. கீழே சுண்ணாம்பு உதிர்ந்து ஈரமாக இருந்தது. தாய் என் தோளில் கை வைத்தார். மிஸ்ஸி கொண்டுவந்த தாள்களிலிருந்து என் படிவத்தை எடுத்து, 'இல்லை' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, இதுவும் கைப்பேசி எழுதியதா என்று மலாயில் கேட்டார்.

அன்று மாலையே ஒரு தாளில் மூன்று அறைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வரைந்து, மூன்றிலும் அதே மூலையைப் பென்சிலால் கறுப்பாக்கினேன். மறுநாள் மானேஜர் அதைப் பார்த்தார். எழுந்து எங்களோடு வந்தார். நான்காவது, மூன்றாவது, இரண்டாவது என்று இறங்கி, ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். சிறுமியின் அறையில் மட்டும் துடைக்க மறந்து நின்றார்.

"பைப்புதான்," என்றார். "ஜன்னல் இல்ல. நான் சொன்னது தப்பு, தங்கச்சி."

கமிட்டியில் அவரே பேசினாராம். நான்காம் மாடிக் குளியலறைச் சுவரை உடைத்தபோது பைப்பின் மூட்டு ஒன்று விரிசல் விட்டிருந்தது. மூன்று நாட்கள் எங்கள் மூன்று வீட்டிலும் தண்ணீர் இல்லை. ஐந்தாம் மாடிக் குடும்பம் தங்கள் குளியலறையைத் திறந்துவிட்டது. துண்டும் சோப்புமாகப் படிக்கட்டில் வரிசை. அங்கிள் உள்ளே போனால் இரண்டு பாட்டு முடியாமல் வெளியே வரமாட்டார்.

பைப்பு மாற்றியதோடு முடியவில்லை. பூசணத்தைச் சுரண்டி எடுத்த பிறகு சுவர் தானாகக் காய வேண்டும், காய்வதற்குள் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இளைப்பு நின்றுவிடும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை, குறையும் என்றார். அதுவரை சிறுமிக்கு ஹாலில் படுக்கை. பள்ளி முடிந்து வந்ததும் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்து என்னிடம் தகவல் சொல்வாள்.

"ஆன்டி, இன்னும் ஜில்லுன்னுதான் இருக்கு. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். பள்ளி ஆண்டு முடிய இரண்டு வாரம் இருந்தபோது ரவாங்கிலிருந்து போன் வந்தது. நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

"ஸ்கூல்ல எல்லாம் பேசி வெச்சிட்டேன்டி," என்று அக்காவின் குரல் எனக்கே கேட்டது. "எப்ப கூட்டிட்டு வர?"

தாய் போனோடு அறைக்குள் போய்ச் சுவரில் கையை வைத்தார். பிறகு புறங்கையை. என்னையும் கூப்பிட்டார். வெயில் பட்ட சிமெண்டு போல இருந்தது. அந்த மாதம் ஒரு தடவைதான் கேஸ் பிடிக்கப் போயிருந்தார்கள். அதை நான் சொல்வதற்கு முன்பே அவர் விரலைக் காட்டினார், ஒன்று என்று.

"அனுப்பலக்கா," என்றார் போனில். "ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் சோறு சாப்பிட வரோம். திட்டுறதெல்லாம் அப்ப திட்டு."

போனை வைத்ததும் ஹாலில் இருந்த கட்டிலை உள்ளே தள்ளலாம் என்றார். சிறுமி அதில் படுத்துக்கொண்டு இறங்க மறுத்தாள். அறை வாசலில் கட்டிலின் ஒரு கால் இடித்தது. நான் தூக்கிக் கொடுத்தேன். கடைசியில் அவளையும் சேர்த்தே தள்ளிக்கொண்டு போய்ச் சுவரை ஒட்டி நிறுத்தினோம்.