மாமனாரும் வெள்ளை டைல்ஸ் பாத்ரூமும்

போன வாரம் பாளையம்பட்டியில் மச்சினன் செல்வராஜ் வீட்டில் தங்கியிருந்தேன். புது வீடு. வாசலில் கிரில் கேட், ஹாலில் கலர் டிவி, மாமனார் அறைக்கு அட்டாச்டு பாத்ரூம். தரை, சுவர், கிளாசெட் எல்லாமே வெள்ளை. ஆஸ்பத்திரி தோற்றது போங்கள்!

மாமனாருக்கு மறதி நோய். திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டில் மிளகாயும் பருத்தியும் போட்டுப் பிள்ளைகளை ஆளாக்கிய மனிதர். இப்போது என்னையே, "ஐயா எந்த ஊருக்காரவுக?" என்று விசாரிக்கிறார். புது மாப்பிள்ளையாக இருந்த காலத்தில்கூட எனக்கு இத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

"விடிஞ்சா போதும், அப்பா தப்பிச்சு ஓடப் பாக்காரு அத்தான்" என்றான் செல்வராஜ். "ஒருநா பஸ்ஸுல அடிபட இருந்தாரு. கேட்டைப் பூட்டுனா ஹால்லயே அசிங்கம் பண்ணி வைக்காரு. கட்டிலோட சேத்துக் கட்டத்தான் போறேன்."

கட்டப் போகிறானாம். பெற்ற அப்பனை!

மறுநாள் விடியும்போது பார்த்தேன். மாமனார் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு, நேரே வந்து கேட்டை உலுக்கினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கருவேலங்காடு.

விடியற்காலையில் செம்பும் கையுமாக ஒருவர் கருவேலங்காட்டுக்கு எதற்குப் போவார்? நம்ம பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். எம்.ஏ. படித்த செல்வராஜுக்குத் தெரியவில்லை. புது வீட்டுக்குக் குடிவரும்வரை அவனும் செம்போடு போனவன்தான்...

"அதான் உள்ளயே பாத்ரூம் இருக்கே அத்தான்?" என்றான்.

அவன் மனைவி எஸ்தர் பொறுக்க மாட்டாமல் குறுக்கே வந்தாள். "அது பாத்ரூம்னே மாமாவுக்குத் தெரியலண்ணே. எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கவும் எங்க கால் வைக்கன்னு பயப்படுறாக. வழுக்கி விழுந்து நெத்தியில தையல் வேற. பின்னால ஒரு மறைவு கட்டுவோம்னு எத்தன நாளாச் சொல்றேன்... யாரு கேக்கா?"

"இவ்வளவு செலவழிச்சு வீடு கட்டி, பின்னால ஓலைத் தட்டியா? சர்ச்சுல இருந்து சபைக்காரங்க வந்தா சிரிக்க மாட்டாங்களா?" என்று குதித்தான் செல்வராஜ்.

குதிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். எஸ்தர் அன்றைக்கே ஆள் பிடித்தாள். காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு குழி, சுற்றிலும் ஓலைத் தட்டி, வழுக்காத சிமெண்ட் தரை, பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பு. வாசல் கேட்டைப் பூட்டி, அதன்மேல் பழைய போர்வையைத் தொங்கவிட்டாள். ரோடு கண்ணில் பட்டால்தானே போகத் தோன்றும்? பின்கதவைத் திறந்து வைத்தாள்.

தட்டி வேலை முடிந்த மறுநாள் விடிகாலை. செம்போடு கிளம்பிய மாமனார், திறந்திருந்த பின்கதவு வழியாகப் போனார். நிதானமாகத் திரும்பி வந்தார். கால் கழுவிவிட்டுக் காபி கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

சாயங்காலம் ஜெபம் பண்ண சபைக்காரர்கள் வந்தார்கள். செல்வராஜ் அவர்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். "அப்பாவுக்காக நானே யோசிச்சுக் கட்டுனது" என்றான். கூசாமல்! எஸ்தர் எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்படி ஒரு மகன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்யா" என்றார் ஒரு பெரியவர், மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு.

மாமனார் செல்வராஜை மேலும் கீழும் பார்த்தார். "யாரு, இந்தத் தம்பியா? எனக்குப் பழக்கமில்லையே..."

மறதியில்கூட என்ன ஒரு தெளிவு!